சுடாத சூரர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாலடி நீளக் கறுப்புப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிற ஐம்பது வயதுக்காரரைக் கோயம்புத்தூரில் நீங்கள் பார்த்திருக்கலாம். கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறார், பாவம், இந்த வயதில் என்று நினைத்திருப்பீர்கள். அவர் குடியிருக்கிற அபார்ட்மெண்ட் வாட்ச்மேனும் அப்படித்தான் நினைக்கிறார். "கிளாஸுங்களா சார்?" என்று வாராவாரம் கேட்கிறார். இவரும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். ஏர் ரைஃபிள் என்று உண்மையைச் சொன்னால், "காக்கா சுடறதுங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். அதைக் காதால் கேட்பதற்குக் கிட்டார்காரராகவே இருந்துவிடலாம்.

இவர் காக்கா சுடுகிறவர் இல்லை. அணில், புறா, மயில் எதுவும் இல்லை. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நம்மை நிற்க வைத்து வகுப்பெடுப்பார். உள்ளதைச் சொன்னால், இவர் எதையுமே அதிகம் சுடுகிறவர் இல்லை. இவருடைய விளையாட்டு ஒப்பிடுவது. தன் துப்பாக்கியை அடுத்தவர் துப்பாக்கியோடு ஒப்பிடுவார். அதைத் தான் போன வருஷம் விற்றுவிட்ட துப்பாக்கியோடு ஒப்பிடுவார். இரண்டையும் தான் இன்னும் வாங்காத ஒரு ஜெர்மன் துப்பாக்கியோடு ஒப்பிடுவார். எப்போதும் ஜெயிப்பது அந்தக் கடைசித் துப்பாக்கிதான்.

இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேருகிற பையன் முதல் வாரம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பவர் எவ்வளவுங்கண்ணா?" மூத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கேட்டவர்கள். அதனால்தான் அவ்வளவு கோபம். பையனை உட்கார வைத்து விளக்குவார்கள். குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டியதில்லை, அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம் என்பது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் சாரம். சரி, இருபதுக்குப் பக்கத்தில் போவதுதானே நல்ல துப்பாக்கி? இல்லை. ஒலிம்பிக்கில் சுடுகிற, விலை லட்சங்களில் இருக்கிற ரைஃபிள், அரை கிராமுக்குச் சற்று மேலே எடையுள்ள ஈயக் குண்டை விநாடிக்கு 175 மீட்டர் அளவில் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் எட்டு ஜூல். சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைப்பது அதைவிட ஓங்கி அடிக்கும். "அப்ப எதுக்குங்க அதுக்கு லட்சம்?" என்பான் பையன். "மெதுவாப் போறதுக்கு" என்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துப் பையன் போய்விடுவான். ஒரு வருஷம் கழித்து, டிரிக்கரில் எத்தனை திருகு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருவான். அப்போது அவனைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இவர்களில் மூத்த ஜாதி ஸ்பிரிங்காரர். எனக்குப் பிடித்தவரும் இவர்தான். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பார்; இல்லையென்றால் மச்சான் வைத்திருப்பார். கையில் இருப்பது அவருடைய அப்பா வாங்கிய நேஷனல் 35. குழலை மடக்கி, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை இழுத்து நிறுத்தி, குண்டைப் போட்டு, குழலை மூட வேண்டும். டிரிக்கரைத் தொட்டால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், காற்று குண்டைத் தள்ளும். "மோட்டார் பம்புக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? அங்க தண்ணி, இங்க காத்து" என்பார். பம்ப் செட்டு செய்து பிழைக்கிற ஊரில் பிறந்தவருக்கு இந்தத் துப்பாக்கி அந்நியமாகத் தெரிவதே இல்லை. இதைச் செய்தது இந்தியன் ஹியூம் பைப் கம்பெனியின் ஒரு பிரிவு என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. சிமெண்டுக் குழாய் போட்டவர்கள் துப்பாக்கிக் குழாயும் போட்டார்கள், குழாய் குழாய்தான்.

பிஸ்டன் முனையில் இருக்கிற வாசர் தோலா, செயற்கையா என்பதில் இந்த ஜாதி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தோல்காரர்கள் மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வாசரை ஊற வைப்பார்கள். செயற்கைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எண்ணெய் ஒரு சொட்டு கூடிவிட்டால், நெருக்கிய காற்றின் சூட்டில் அது டீசல் எஞ்சினில் நடக்கிற காரியத்தைச் செய்துவிடும். டமார் என்று சத்தம், குழல் முனையில் புகை. நம்மவர் அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டார். "எப்படி?" என்று கேட்டுவிட்டு, குழலை நம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவருவார். முகர்ந்து பார்த்து நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும். வந்த விருந்தாளிகள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு விசேஷம் இந்தத் துப்பாக்கியின் உதை. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னே போகும். குண்டு குழலை விட்டு வெளியே போவதற்குள்ளேயே பாதி ஆட்டம் நடந்துவிடுகிறது. பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுக்குச் செய்த ஸ்கோப்புகள் பின்னுதையைத் தாங்கும், இந்த முன்னுதையைத் தாங்காமல் உள்ளே கழன்றுபோகும். அதனால் ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடத்தி, அது தன் போக்கில் ஆடிக்கொள்ள விட வேண்டும். இது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட சங்கதி. நம்மவர் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். "இறுக்கிப் புடிச்சா கோவிச்சுக்கும்ங்க. விட்டுப் புடிக்கோணும்." அப்போது அவர் வீட்டம்மா காபித் தட்டோடு வந்து நின்றால், எந்தப் பேச்சு நடக்கிறது என்று ஒரு விநாடி யோசிப்பார்.

அடுத்தவர் சிலிண்டர்காரர். சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இவருடைய ரைஃபிளில் ஸ்பிரிங்கும் இல்லை, உதையும் இல்லை. குழலுக்குக் கீழே ஒரு சின்ன சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. டிரிக்கரைத் தொட்டால் அளந்து ஒரு சிட்டிகைக் காற்றை வால்வு விடும், அவ்வளவுதான். சுட்டது சுட்டவருக்கே தெரியாது. ஸ்பிரிங்காரர் இதை ஒரு துப்பாக்கியாகவே மதிப்பதில்லை. "சைக்கிளுக்குக் காத்தடிக்கற சாமான்" என்பார். உதை இல்லாத ஒன்றை நம்ப அவருக்கு மனம் வருவதில்லை.

சிலிண்டர்காரருக்கு இதெல்லாம் காதில் விழாது. அவர் சாவி திருப்பிக்கொண்டிருப்பார். கன்னம் வைக்கிற இடம் ஏறும், இறங்கும், சாயும். தோளில் முட்டுகிற பகுதி நாலு திசையிலும் நகரும். கைப்பிடி நகரும். டிரிக்கரே முன்னும் பின்னும் நகரும். போட்டி விதிப்படி ரைஃபிளின் மொத்த எடை ஐந்தரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்குள் முன்பக்கம் எத்தனை கிராம், பின்பக்கம் எத்தனை கிராம் என்று எடைக்கட்டி மாட்டி, கழற்றி, மாட்டுவார். எல்லாவற்றையும் எக்செல்லில் எழுதிவைப்பார். அந்த எக்செல்லில் இல்லாத ஒரே பத்தி, எத்தனை மார்க் வாங்கினார் என்பது. "செட்டிங் முடியட்டும்" என்பார். செட்டிங் முடிவதற்குள் சிலிண்டரின் ஆயுளே முடிந்துவிடும்; கம்பெனிக்காரர்கள் பத்து வருஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய சிலிண்டரில் அச்சடித்திருக்கிற தேதி நெருங்குகிறது.

காற்று நிரப்புவது தனிக் கதை. முக்குளிப்பவர்களின் பெரிய சிலிண்டர் இருந்தால் ஐந்து நிமிஷம். இல்லையென்றால் கைப்பம்பு. 200 பாருக்குக் கைப்பம்பு அடிப்பவர் மூச்சு வாங்கும்போது ஸ்பிரிங்காரர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். அப்போதுதான் கூட்டத்தில் இருக்கிற சரித்திர வாத்தியார் வாயைத் திறப்பார். "1780 வாக்குல ஆஸ்திரியப் பட்டாளத்துக்கு ஜிரார்டோனினு ஒருத்தன் காத்துத் துப்பாக்கி செஞ்சான். கட்டைக்குள்ளயே காத்து. இருபது குண்டை வரிசையாச் சுடலாம். காத்து நிரப்ப ஆயிரத்துக்கு மேல பம்பு அடிக்கோணும். அதில ஒண்ணைத்தான் லூயிஸும் கிளார்க்கும் 1803ல அமெரிக்காவ அளக்கப் போனப்ப எடுத்துட்டுப் போனாங்க." பம்பு அடிக்கிறவருக்கு இதனால் ஆறுதலா என்றால் இல்லை. ஆனால் வாத்தியாரை யாரும் நிறுத்துவதில்லை. அவரிடம் சொந்தத் துப்பாக்கி கிடையாது. கதையாவது இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

குண்டு விஷயத்தில் மட்டும் இரண்டு ஜாதிக்கும் ஒரே பைத்தியம். ஐந்நூறு குண்டு கொண்ட தகர டப்பாவின் மேல் தலைவிட்டம் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம். இந்தக் குழலுக்கு எது சேரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும். சுடுவது என்கிற அந்தக் கடைசி வழிக்குப் போவதற்கு முன்னால் இவர்கள் எல்லா வழியையும் பார்த்துவிடுகிறார்கள். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அத்தை நகையை எடுத்துப் பார்ப்பது போல ஒவ்வொரு குண்டையும் இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்புவார்கள். குண்டின் பாவாடை போன்ற பின்பகுதி நசுங்கியிருந்தால் தள்ளு. மில்லிகிராம் தராசில் வைத்து, கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் ஒரு பக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு டைனிங் டேபிளில் மூன்று குவியல். வீட்டில் யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டால் தராசு ஆடும்; குடும்பமும் ஆடும்.

வேகம் அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது, குரோனோ என்பார்கள். இதை யாராவது கொண்டுவந்துவிட்டால் கூட்டத்தில் ஒரு சங்கடம் பரவும். அட்டைப் பெட்டியில் விநாடிக்கு ஆயிரம் அடி என்று அச்சடித்திருக்கும். அது ஈயம் இல்லாத, பஞ்சாய்க் கனக்கிற குண்டில் எடுத்த கணக்கு. சாதாரணக் குண்டைப் போட்டால் எண்ணூறுகூட வராது. உண்மையாகவே ஆயிரத்து நூறைத் தாண்டினால் ஒலியின் வேகம் குறுக்கே வரும். அந்த எல்லையில் குண்டு தள்ளாடிக் குறி தப்பும். ஆகவே வேகம் குறைந்திருப்பதுதான் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் தன் துப்பாக்கி எண்ணூறுக்குக் கீழே காட்டினால், "பேட்டரி வீக்குங்க" என்பார் உடையவர். குரோனோவின் பேட்டரியைத்தான் சொல்கிறார்.

பிஸ்டல்காரரை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அவரே அப்படித்தான் வந்து நிற்பார், ஓரமாக. ரைஃபிள்காரர்கள் ஜாக்கெட், கையுறை என்று கவசம் கட்டுவதைப் பார்த்துப் புன்னகைப்பார். அவருக்கு ஒரு கை போதும். பத்து மீட்டர் பிஸ்டலை ஒரே கையில்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி; டிரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அவருடைய கவலை முழுக்கக் கைப்பிடி. வால்நட் மரத்தில் செய்த பிடியை, தன் உள்ளங்கை ரேகைக்கு ஏற்ப உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அதிகம் தேய்ந்துவிட்டால் மரப்புட்டி அப்புவார். மறுபடி தேய்ப்பார். வருஷக்கணக்கில் இப்படியே போய், மரம் எது புட்டி எது என்று தெரியாத ஒரு வஸ்து கையில் இருக்கும். அதை வேறு யார் பிடித்தாலும் பொருந்தாது. அவருக்கே காலையில் பொருந்துவது சாயங்காலம் பொருந்தாது. "கை வீங்கியிருக்குது" என்பார்.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச், சாதாரணக் கண்ணாடி, டீ சர்ட், பேண்ட் பாக்கெட்டில் ஒரு கை என்று நின்று வெள்ளி வாங்கிக்கொண்டு போனார் அல்லவா? உலகமே அந்தப் படத்தைப் பார்த்து வாய் பிளந்தது. நம் பிஸ்டல்காரருக்கு அன்றிலிருந்து ஆற்றாமை. "முப்பது வருசமா நானும் பாக்கெட்ல கை விட்டுட்டுத்தானுங்க நிக்கறேன், ஒருத்தன் போட்டோ எடுத்தானா?" பிஸ்டல்காரர்கள் எல்லோருமே ஆடாமல் இருக்க அந்தக் கையை எங்காவது செருகித்தான் வைப்பார்கள். அதே பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். அதைப் பேசும்போதும் இவர் பாரிஸைப் பேச மாட்டார். அதற்கு முந்தைய டோக்கியோவைப் பேசுவார். தகுதிச் சுற்றின் நடுவில் மனுவின் பிஸ்டல் பழுதாகி, சரிசெய்து வருவதற்குள் நேரம் ஓடிப்போனது. "பாத்தீங்களா, மனுசங்க தப்பே இல்லீங்க. சாமான்."

இந்த வாக்கியம்தான் இந்தக் கூட்டத்தின் வேதம். பெய்ஜிங்கில் 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சுற்றுக்கு முன்னால் சோதித்துச் சுட்டபோது குண்டு எங்கேயோ போனது. சைட் இடம் மாறிக் கிடந்தது. கிடைத்த சில நிமிஷத்தில் சரிசெய்து, கடைசிக் குண்டில் 10.8 போட்டார். இந்தக் கதையின் முதல் பாதி இவர்களுக்கு மனப்பாடம். "பிந்த்ராவுக்கே சைட் மாறிப்போச்சுங்களாமா" என்று சொல்லிவிட்டு, தங்கள் அட்டையில் ஆறாம் வட்டத்தில் விழுந்திருக்கிற ஓட்டையைக் காட்டுவார்கள். ஸ்பிரிங்காரருக்கு இளவேனில் வாலறிவனைப் பற்றிச் சொல்ல வேறு காரணம் உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து, உலகக் கோப்பையில் தங்கம் சுட்ட பெண். "நேஷனல் 35 செஞ்ச ஊருங்க அது. அந்தத் தண்ணி." இளவேனில் சுட்டது ஸ்பிரிங் இல்லாத ரைஃபிள் என்று சிலிண்டர்காரர் மெதுவாகச் சொல்வார். "தண்ணியச் சொன்னேன்" என்பார் இவர்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சுடுவதே இல்லையா? சுடுவார்கள். இரும்புப் பெட்டிக்குள் பழைய டெலிபோன் டைரக்டரியை அடைத்து, முன்னால் அட்டையைக் குத்தி, துணி காயப் போடுகிற கம்பிக்குக் கீழே வைப்பார்கள். பத்து மீட்டர் அளக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டு அறை வரைக்கும் ஒன்பதரை மீட்டர்தான் இருக்கிறது. அரை மீட்டர் குறைந்தால் மார்க் செல்லுமா என்ற பேச்சு வெயில் ஏறும் வரை நடக்கும். ரைஃபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் அகலப் புள்ளி. போகிற குண்டே அதைவிட ஒன்பது மடங்கு பெரியது. அந்தப் புள்ளியைத் தொட்டதா, தொடவில்லையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பூதக்கண்ணாடியிலும் ஜெர்மன், சைனா என்று இரண்டு கட்சி. ஆளுக்குப் பத்து குண்டு போவதற்குள் கீழேயிருந்து இட்லிக்குக் கூப்பிடுவார்கள்.

நடிகர் அஜித்குமார் 2022இல் திருச்சி மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியதிலிருந்து வீடுகளில் இந்த விளையாட்டுக்கு ஒரு கௌரவம் வந்திருக்கிறது. "அவர் எத்தன துப்பாக்கி வெச்சிருக்கறார்?" என்று மட்டும் மனைவிமார் கேட்பதுண்டு. கேள்வி அஜித்தைப் பற்றியது இல்லை என்பது கணவர்களுக்குத் தெரியும். ஆனால் நம்மவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: ஒன்று. எப்போதும் ஒன்றுதான். ஏனென்றால் ஒன்றை வாங்க இன்னொன்றை விற்றாக வேண்டும். ஸ்பிரிங்காரர் விற்றதை வாத்தியாரின் மருமகன் வாங்குவார். அவர் அதைப் பிஸ்டல்காரருக்குத் தள்ளுவார். பிஸ்டல்காரர் ஒரு மழைக்காலத்தில் மனம் மாறி அதைத் திரும்ப ஸ்பிரிங்காரரிடமே, முன்னைவிட ரெண்டாயிரம் ரூபாய் கூட வைத்துக் கொடுப்பார். ஸ்பிரிங்காரர் அதை வாங்கி, கட்டையைத் தடவி, "இந்த மாதிரி ஒண்ணு என்ற கையில இருந்துச்சுங்க, வித்துப் போட்டு அழுதேன்" என்பார். இந்த மாதிரி இல்லை, இதுவேதான் என்று அவரிடம் சொல்லப் பிஸ்டல்காரருக்கு மனம் வராது. விலை குறைந்துவிடும்.

போன கோடையில் மூவரும் குடும்பத்தோடு பொருட்காட்சிக்குப் போயிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் டெல்லி அப்பளத்துக்குப் போய்விட, இவர்கள் கால் தானாகப் பலூன் சுடுகிற கடைக்குப் போனது. பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் கயிற்றில் கட்டிய மூன்று துப்பாக்கி. கடையில் ஓர் அம்மா. ஸ்பிரிங்காரர் ஒன்றை எடுத்தார். பலூனைப் பார்க்கவே இல்லை. குழலை மடக்கினார், காதோடு வைத்துக் கேட்டார், கட்டையைத் திருப்பினார்.

"ஏனுங்கம்மா, இது நேஷனல் முப்பத்தஞ்சுங்களா?"

"அதெல்லாம் தெரியாது சார். இது செவப்பு டேப்பு. அது பச்சை டேப்பு. கோடியில இருக்கறது டேப்பு இல்லாதது."

ஸ்பிரிங்காரர் சிவப்பில் சுட்டார்; பலூனுக்கும் பலூனுக்கும் நடுவில் போனது. சிலிண்டர்காரர் சுட்டார், பலகைக்கு வெளியே போனது. அவர் சைட்டைத் தடவி, "இது இடது பக்கம் வளைஞ்சிருக்குங்க" என்றார். பிஸ்டல்காரர் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, ரைஃபிளை ஒற்றைக் கையில் தூக்கி நின்றார். பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். பலூன்கள் அனைத்தும் சேதமில்லாமல் இருந்தன.

மூவரும் தலையைச் சேர்த்து ஐந்து நிமிஷம் பேசினார்கள். தோல் வாசர்தான் என்றார் ஒருவர். கட்டை ஒரிஜினல் என்றார் இன்னொருவர். ஸ்பிரிங்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனுங்கம்மா, இந்தச் செவப்ப வெலைக்குக் குடுப்பீங்களா?" என்றார்.

"பச்சைய வேணா எடுத்துக்குங்க சார். செவப்பு மட்டும் கேக்காதீங்க. வாங்கினதுல இருந்து அதுல ஒருத்தரும் பலூன் ஒடச்சதில்ல."

ஸ்பிரிங்காரர் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. "எங்கீங்கம்மா வாங்குனீங்க?" என்றார்.